சின்ன சாப்பாட்டு கடைக்கு டிஸ்கவுண்ட் தேவையா? போர்டு எழுதுறதுக்கு முன்னாடி கணக்கு போட்டுடுங்க

ரெண்டு வாரம் வியாபாரம் டல்லடிச்சா போதும், யாராவது ஒருத்தர் வந்து "ஒரு ஆஃபர் போடுங்க, கூட்டம் தானா வரும்"னு சொல்லிட்டு போயிடுவாங்க. சொல்றவங்களுக்கு என்ன செலவு. கூட்டம் வரும்ங்கறது உண்மைதான், விலையை குறைச்சா எங்கயும் கூட்டம் வரத்தான் செய்யும், ஆனா கூட்டமெல்லாம் போனப்புறம் ராத்திரி கல்லாவை எண்ணுறப்போ கையில என்ன நிக்குதுங்கறதுதான் விஷயமே. நான் சின்ன ஹோட்டல், பேக்கரி, வீட்லயே சமைச்சு விக்கிறவங்கன்னு இந்த மாதிரி ஆளுங்களுக்கு கணக்கு வழக்கு பாத்துக் குடுக்குறவன், அதனால சமையலை பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, கல்லாவை பத்தி கொஞ்சம் தெரியும்.

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். விலையை குறைக்கிறதுக்கு பதிலா உங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு ஒரே வரியில சொல்ல முடிஞ்சா டிஸ்கவுண்ட் போடுங்க, சொல்ல முடியலன்னா போடாதீங்க. "நாலு பேருக்கு கடை தெரியும்" இதெல்லாம் பதில் கிடையாது. "மதியம் மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் காலியா கிடக்குற டேபிள் நிரம்பும்", "ஒரு வாரம் முன்னாடியே முழு பணமும் வந்துடும்", "ராத்திரி குப்பைக்கு போற சரக்கு காசாகும்", இதெல்லாம் பதில்.

முதல்ல ஒரே ஒரு ஐட்டத்தோட கணக்கு

உங்க கடையில ரொம்ப ஓடுற ஐட்டம் எதுவோ அதை எடுத்துக்கோங்க. விலை 100ன்னு வெச்சுக்குவோம், எந்த ஊர் காசா இருந்தாலும் சரி. சரக்கு, மசாலா, எண்ணெய், கேஸ், டப்பா, டிஷ்யூ, ஸ்பூன்னு ஒவ்வொரு பிளேட்டுக்கும் கூடவே ஏறுற செலவை மட்டும் கூட்டுங்க, வாடகை சம்பளமெல்லாம் இப்போ வேண்டாம், அது ஒரு பிளேட் வித்தாலும் நூறு பிளேட் வித்தாலும் அதேதான். அந்த ஏறுற செலவு 40 வருதுன்னா ஒரு பிளேட்டுக்கு கையில நிக்கிறது 60. இந்த 60ல இருந்துதான் வாடகை, சம்பளம், கரண்ட், வரி, உங்க வீட்டு செலவு எல்லாமே போகணும்.

இப்போ 20% டிஸ்கவுண்ட் போடுறீங்க. விலை 80 ஆச்சு, செலவு அதே 40, கையில நிக்கிறது 40. வாடிக்கையாளர் கண்ணுக்கு விலை அஞ்சுல ஒரு பங்குதான் குறைஞ்சிருக்கு, உங்க கைக்கு வர்றது மூணுல ஒரு பங்கு குறைஞ்சு போச்சு. இந்த ஒரு இடத்துலதான் முக்கால்வாசி பேர் ஏமாந்து போறாங்க. 20% குறைச்சா லாபத்துல 20% போகும்னு நினைச்சுக்குறாங்க, ஆனா அந்த 20ம் செலவுல இருந்து போகல, முழுக்க முழுக்க உங்க 60ல இருந்துதான் போகுது.

சரி, பழைய வருமானத்தையே எடுக்க எத்தனை பிளேட் கூட விக்கணும்? பழைய மிச்சத்தை புது மிச்சத்தால வகுங்க, அவ்ளோதான். 60ஐ 40ஆல வகுத்தா ஒன்றரை. முன்னாடி ஒரு நாளைக்கு 50 பிளேட் வித்து 3,000 பாத்தீங்கன்னா இனிமே அதே 3,000க்கு 75 பிளேட் போடணும். 10% மட்டும் குறைச்சிருந்தா 60 பிளேட் போதும், 30%னா 100 பிளேட், பாதி விலைன்னா மிச்சம் வெறும் 10, அதாவது 300 பிளேட் வித்தாதான் முன்னாடி 50 வித்து சம்பாதிச்ச அதே காசு. 300 பிளேட்டுக்கு உங்க அடுப்பு தாங்குமா, மாஸ்டர் தாங்குவாரா, பாத்திரம் கழுவுறவங்க மறுநாள் வேலைக்கு வருவாங்களா?

இதுல இன்னொண்ணு இருக்கு, வீட்ல இருந்து சமைச்சு விக்கிறவங்க இந்த செலவு கணக்குல அவங்க உழைப்பை சேக்குறதே இல்ல. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு பத்து மணி வரைக்கும் நின்னு சமைச்ச அந்த ஆறு மணி நேரத்துக்கு பூஜ்யம்னு போட்டுட்டு, "எனக்கு மார்ஜின் நல்லா இருக்கு அதனால குறைச்சு குடுக்கலாம்"ங்கறாங்க. அந்த வேலைக்கு வெளி ஆள் ஒருத்தரை வெச்சா என்ன கூலி கேப்பாங்களோ அதை ஏறுற செலவுல சேருங்க, ஏன்னா ஆர்டர் கூடக்கூட உங்களுக்கு அந்த நேரமும் கூடத்தான் போகுது. அதை சேத்ததுக்கு அப்புறம் நிறைய பேருக்கு டிஸ்கவுண்ட் ஆசையே போயிடும், சிலருக்கு விலையை ஏத்தணும்னு தோணும், ரொம்ப நல்லது.

டெலிவரி ஆப்ல இதே கணக்கு வேற மாதிரி அடிக்கும்

ஆப்ல கமிஷன் ஆளாளுக்கு, ஊருக்கு ஊர் மாறும். 25%னு வெச்சுக்குவோம். 100ல கமிஷன் 25, செலவு 40, நிக்கிறது 35. இதுக்கு மேல 20% டிஸ்கவுண்ட் உங்க தலையில விழுந்தா 80ல கமிஷன் 20, செலவு 40, மிச்சம் 20. ஆர்டர் ஒண்ணே முக்கால் மடங்கு ஆனாதான் பழைய இடத்துல நிப்பீங்க. சில அக்ரிமெண்ட்ல கமிஷனை டிஸ்கவுண்டுக்கு முன்னாடி இருந்த விலைக்கு போடுவாங்க, அப்படின்னா மிச்சம் 15தான், ரெண்டேகால் மடங்குக்கும் மேல ஓடணும்.

அதனால அந்த கம்பெனி ஆள் போன் பண்ணி "சார் இந்த வாரம் கேம்பெயின்ல சேந்துக்கோங்க, மேல காட்டுவோம்"னு சொன்னா உடனே சரின்னு சொல்லிடாதீங்க. கேக்க வேண்டியது இதுதான்: டிஸ்கவுண்ட் பணத்துல யார் பங்கு எவ்ளோ, கமிஷன் எந்த விலைக்கு, எவ்ளோ நாள், நடுவுல நிறுத்தணும்னா எப்படி, ஒரு பில்லுக்கு அதிகபட்சம் எவ்ளோ குறையும். இதையெல்லாம் போன்ல கேட்டுட்டு விட்டுடாம மெசேஜ்ல வாங்கி வெச்சுக்கோங்க. முழு டிஸ்கவுண்டையும் ஆப் கம்பெனியே ஏத்துக்குதுன்னா தாராளமா சேருங்க, அது அவங்க காசு, உங்களுக்கு என்ன வலி. ஆனா மாசம் முடிஞ்சதும் செட்டில்மெண்ட் ஷீட்ல அந்த வரியை தேடிப் பாருங்க, சொன்னபடியே நடந்திருக்கான்னு. அந்த ஷீட்டை டவுன்லோட் பண்ணி தெறந்தே பாக்காத கடைக்காரங்கதான் அதிகம், பேங்க்ல பணம் வந்துச்சா சரி அவ்ளோதான்.

கூட்டத்துல பழைய ஆளு எத்தனை, புது ஆளு எத்தனை

மேல போட்ட கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. 50 பிளேட் 75 ஆகணும்னு சொன்னேன்ல, அந்த முதல் 50 பேர் யாரு? டிஸ்கவுண்ட் இல்லாமலே வந்துட்டு இருந்தவங்க. முழு விலை குடுக்க மனசோட வந்தவங்ககிட்ட போய் "வேண்டாம் குறைச்சே குடுங்க"ன்னு நாமளே சொல்றோம். புதுசா வர்ற 25 பேர்தான் உங்க டிஸ்கவுண்டோட பலன், ஆனா அந்த 25 பேருக்காக 75 பேருக்கும் குறைச்சிருக்கீங்க.

2008ல அமெரிக்காவுல குரூப்பான்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, ஞாபகம் இருக்கும். ஐடியா சிம்பிள், கடைக்காரர் கிட்டத்தட்ட பாதி விலைக்கு கூப்பன் குடுப்பார், கம்பெனி அதை ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்பும், வர்ற காசுல பொதுவா ஏறக்குறைய பாதி கம்பெனிக்கு. அதாவது 100 விலை சாப்பாட்டுக்கு கடைக்காரர் கைக்கு 25 சொச்சம்தான் வரும். நம்ம 40 செலவு கணக்குல வெச்சுப் பாத்தா ஒவ்வொரு பிளேட்டுக்கும் 15 கைக்காசு. 2010ல ரைஸ் யுனிவர்சிட்டி பேராசிரியர் உத்பல் தோலாகியா குரூப்பான் போட்ட 150 கடைங்களை விசாரிச்சு ஒரு ஆய்வு வெளியிட்டார், அதுல 66% பேர் லாபம்னு சொன்னாங்க, 32% பேர் நஷ்டம்னு சொன்னாங்க, 40%க்கு மேல இன்னொரு தடவை இதை செய்ய மாட்டோம்ட்டாங்க. சர்வீஸ் தொழில்கள்ல ரெஸ்டாரண்ட்தான் ரொம்ப அடி வாங்கினது. ஏன்னு யோசிச்சா புரியும், சலூன், ஸ்பா மாதிரி இடத்துல ஒரு ஆள் கூட வந்தா பொருள் செலவு பெருசா ஏறாது, சாப்பாட்டு கடையில ஒவ்வொரு தட்டுக்கும் சரக்கு போகுது. கூப்பன் எடுத்துட்டு வர்றவங்க அந்த கூப்பன் மதிப்புக்கு மேல எதுவும் வாங்குறாங்களா, அப்புறம் முழு விலைக்கு திரும்ப வர்றாங்களா, இந்த ரெண்டும்தான் தோலாகியா ஆய்வுலயும் முக்கிய விஷயமா வந்துச்சு.

கடை தொறக்குற அன்னைக்கு போடுற பெரிய ஆஃபர்லயும் இதே வியாதிதான், கூட ஒரு வியாதியும் சேந்து வரும். மாஸ்டருக்கு புது அடுப்பு பழகல, பில் போடுற பையனுக்கு மெனு மனப்பாடம் ஆகல, இந்த நேரம் பாத்து பாதி விலைன்னு போர்டு வெச்சு ஊரையே கூப்பிட்டு, முக்கால் மணி நேரம் நிக்க வெச்சு, ஆறிப்போன சாப்பாட்டை குடுத்தா அவங்க எழுதுற ரிவ்யூ வருஷக்கணக்கா இன்டர்நெட்ல நிக்கும். அதுக்கு பதிலா முதல் ரெண்டு வாரம் சத்தமில்லாம தொறந்து வெச்சு ஓட்டிட்டு கை பழகினதுக்கு அப்புறம் கூப்பிடுங்க.

எங்கெல்லாம் போடலாம்

காலி நேரம், இதுதான் முதல் இடம். டேபிள் காலி, ஆள் சம்பளத்துக்கு நின்னுட்டு இருக்காங்க, அடுப்பு சும்மா எரியுது, அந்த நேரத்துல வர்ற ஒரு ஆளுக்கு 20 குறைச்சாலும் கையில 40 புதுசா வருது. ஆனா இதுக்கு வேலி போடணும். மூணு மணியில இருந்து அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான், அஞ்சே காலுக்கு வந்தவங்க முறைச்சாலும் கிடையாது, ஏன்னா ஒரு தடவை விட்டீங்கன்னா ஏழு மணி கூட்டம் அஞ்சு மணிக்கு நகர்ந்து வந்துடும், புது ஆளு வந்த மாதிரி தெரியும், உண்மையில முழு விலைக்கு வர வேண்டிய அதே ஆளுங்கதான். பீக் நேரத்துல டிஸ்கவுண்ட் போடுறது சுத்தமா தப்பு, முழு விலை குடுக்க வந்தவர் இடமில்லன்னு திரும்பிப் போவார், குறைச்சு குடுக்குறவர் உக்காந்திருப்பார். தினமும் சரக்கு தீந்து போற கடைன்னா உங்களுக்கு இந்த கட்டுரையே தேவையில்ல.

ரெண்டாவது, நாள் முடிவுல மிஞ்சுற சரக்கு. பேக்கரிக்காரங்களுக்கு இது தினப்படி தலைவலி. செலவு ஏற்கனவே பண்ணியாச்சு, ராத்திரி ஷட்டர் போட்டா பூஜ்யம், அதனால எவ்ளோ வந்தாலும் லாபம்ங்கற மாதிரி தெரியும், ஓரளவுக்கு சரியும்கூட. ஆபத்து எங்கன்னா தினமும் எட்டு மணிக்கு பாதி விலைன்னு ஊருக்கே தெரிஞ்சுட்டா ஆறு மணிக்கு வர்றவங்க எட்டு மணிக்கு வருவாங்க. டென்மார்க்ல 2015ல ஆரம்பிச்ச டூ குட் டு கோ ஆப் இதுக்கு ஒரு நல்ல வழி வெச்சிருக்காங்க, பை நிறைய மிஞ்சின சரக்கு குறைஞ்ச விலைக்கு கிடைக்கும், ஆனா உள்ள என்ன இருக்கும்னு வாங்குறவருக்கு முன்கூட்டி தெரியாது. பிடிச்சதுதான் வேணும்ங்கறவர் ஆறு மணிக்கே முழு விலைக்கு வாங்கிக்குவார், எதுவா இருந்தாலும் சரிங்கறவர் ராத்திரி வருவார். ஆப் இல்லாமலே இதை நீங்க செய்யலாம், ஒரு கலவை பாக்கெட், ஒரே விலை, பிரிச்சு காட்டுறது கிடையாது. தினமும் நிறைய மிஞ்சுதுன்னா அது டிஸ்கவுண்ட் பிரச்சினை இல்ல, காலையில அளவு தெரியாம போடுறீங்கன்னு அர்த்தம், அதை முதல்ல குறைங்க. கெட்டுப்போற பக்குவத்துல இருக்கறதை இந்த பாக்கெட்ல தள்ளிவிடுறது மட்டும் கூடவே கூடாது, ஒரே ஒருத்தருக்கு வயிறு கெட்டா போதும், கடை பேரே போயிடும்.

மூணாவது பல்க் ஆர்டர். எண்பது பேருக்கு ஒரே ஐட்டம், என்ன செய்யணும்னு முன்கூட்டியே தெரியும், வேஸ்ட் கிடையாது, ஒரே தடவையா டெலிவரி. உங்களுக்கு நிஜமாவே செலவு குறையுது, அந்த குறைஞ்ச செலவுல ஒரு பங்கை அவங்களுக்கு குடுக்குறதுல தப்பே இல்ல. ஆனா அட்வான்ஸ் வந்ததுக்கு அப்புறம்தான் அந்த ரேட்டு, தேதி மாத்தினா பழைய ரேட்டு, ஆள் எண்ணிக்கை குறைஞ்சா இந்த அளவுக்கு கீழ பழைய ரேட்டு, எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. எண்பது பேருக்குன்னு பேசி ரேட்டு குறைச்சு வாங்கிட்டு முதல் நாள் சாயங்காலம் "நாப்பது போதும், அதே ரேட்டுல போட்டுடுங்க"ன்னு சொல்றவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க.

விலையில கை வைக்காம கொசுறா குடுங்க

எனக்கு தனிப்பட்ட முறையில ரொம்ப பிடிச்ச வழி இது. 20% குறைக்கிறதுக்கு பதிலா விலை 20 உள்ள ஒரு சின்ன ஐட்டத்தை கூட வெச்சுக் குடுங்க. வாங்குறவருக்கு 20 லாபம், உங்களுக்கு அதை செய்ய ஆகுற செலவு 8. 20 குறைச்சிருந்தா கையில 40 நிக்கும், கொசுறு குடுத்தா 52 நிக்கும். மெனு போர்டுல இருக்குற 100 அப்படியே 100ஆவே இருக்கு, "இதோட உண்மையான விலை 80தான் போல"ங்கற எண்ணம் யார் மனசுலயும் விழாது. புதுசா ஒரு ஐட்டம் போடுறீங்கன்னா அதையே கொசுறா குடுத்துப் பாருங்க, ருசி பாக்க வெச்ச மாதிரியும் ஆச்சு, நிறைய பேருக்கு பிடிச்சா மெனுவுல ஏத்துங்க, தட்டுல மிச்சம் வெச்சுட்டு போனா விட்டுடுங்க.

ஆனா கொசுறு எப்பவும் அதுவாவே இருக்கக்கூடாது, தினமும் குடுத்தா அது விலையோட சேந்த பொருளாயிடும், ஒரு நாள் குடுக்கலன்னா "எங்க அது?"ன்னு கேப்பாங்க. எதிர்பாக்காத நேரத்துல, ரெகுலரா வர்றவருக்கு, பேர் சொல்லி கூப்பிட்டு குடுங்க. புதுசா வர்றவனுக்கு மட்டும் ஆஃபர்னு போர்டு வெச்சா மூணு வருஷமா வர்றவருக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஸ்டாம்ப் கார்டு பத்தி

பத்து தடவை வாங்கினா பதினொண்ணாவது இலவசம்ங்கற கார்டு பழைய விஷயம்தான், ஆனா சின்ன கடைக்கு இன்னும் நல்லா வேலை செய்யுது, ஏன்னா வாங்கினதுக்கு அப்புறம்தான் சலுகை, திரும்ப வந்தாதான் சலுகை. 2006ல வெளிவந்த ஒரு ஆய்வுக்காக நியூன்ஸ், ட்ரெஸ்னு ரெண்டு பேராசிரியர்கள் ஒரு கார் வாஷ் கடையில 300 கார்டு குடுத்துப் பாத்தாங்க. பாதி பேருக்கு எட்டு கட்டம் உள்ள காலி கார்டு, மீதி பேருக்கு பத்து கட்டம் உள்ள கார்டு, அதுல ரெண்டு ஏற்கனவே குத்தியிருக்கும். ரெண்டு பேருக்குமே பாக்கி எட்டுதான். காலி கார்டை முடிச்சவங்க 19%, ரெண்டு குத்தின கார்டை முடிச்சவங்க 34%. அதனால கார்டு அடிச்சா ரெண்டு கட்டம் கூட அடிச்சு முதல் நாளே குத்திக் குடுத்துடுங்க, செலவு ஒண்ணும் கிடையாது. அதே வருஷம் வந்த வேற ஒரு ஆய்வுல காபி கார்டு வெச்சு பாத்தப்போ இலவசத்துக்கு பக்கத்துல வரவர ஆளுங்க இன்னும் சீக்கிரம் சீக்கிரமா வந்து வாங்குனாங்கன்னு தெரிஞ்சுது.

இதோட நிஜ செலவையும் பாத்துடுங்க. இலவசமா குடுக்குற அந்த பிளேட்டை அவர் எப்படியும் காசு குடுத்து வாங்கியிருப்பார்னா உங்களுக்கு போறது முழு 100, அதாவது 11 பிளேட்டுக்கு 100, சுமார் 9%. வாங்கியிருக்க மாட்டார்னா போறது செலவு 40 மட்டும். நிஜம் நடுவுல எங்கயோ இருக்கும், போதாததுக்கு பாதி கார்டு துணியோட சேந்து வாஷிங் மெஷினுக்குள்ள போயிடும். 20% ஆஃபரை விட எப்படி பாத்தாலும் மலிவு.

போடுறதுன்னு முடிவு பண்ணிட்டா இப்படி போடுங்க

காரணம் சொல்லுங்க. "ஆண்டு நிறைவு", "புது கிளை", "மழைக்கால மதிய நேரம்" எதுவா இருந்தாலும் சரி, காரணம் இருந்தா விலை திரும்ப ஏறுறப்போ ஏன் ஏறிச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. காரணமே இல்லாம குறைச்சா "சரக்கு ஓடல போல"ன்னு நினைப்பாங்க, இல்லன்னா "இத்தனை நாள் அதிகமா வாங்கிட்டு இருந்தாங்களா"ன்னு நினைப்பாங்க. முடியிற தேதியை முதல் நாளே போர்டுல எழுதுங்க, எண்ணிக்கை வரம்பும் எழுதுங்க, தினமும் முதல் 30 பேர்ங்கற மாதிரி, நஷ்டம் வந்தாலும் எவ்ளோ வரும்னு முன்னாடியே உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். எல்லா மெனுவுக்கும் போடாம, செலவு போக கையில காசு அதிகமா நிக்கிற ஒரு ஐட்டத்துக்கு மட்டும் போடுங்க. பில்லுல தனி வரியா "விலை 100, தள்ளுபடி 20"ன்னு வரணும், வெறும் 80ன்னு அடிச்சா அவர் மனசுல 80தான் பதியும்.

விலையை முதல்ல ஏத்திட்டு அப்புறம் குறைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். பெரிய ஆளுங்க செய்றாங்களேன்னு கேக்காதீங்க, ஐரோப்பிய யூனியன்ல 2022 மே மாசத்துல இருந்து விலை குறைப்புன்னு விளம்பரம் பண்ணுற கடைங்க பொதுவா முந்தின 30 நாள்ல இருந்த ஆகக் குறைஞ்ச விலையைத்தான் பழைய விலையா காட்டணும்னு சட்டமே வந்தாச்சு. சட்டத்தை விடுங்க, வாரம் மூணு தடவை உங்ககிட்ட வாங்குறவருக்கு உங்க விலை உங்களை விட நல்லா ஞாபகம் இருக்கும்.

அப்புறம் அளந்து பாக்குறது, இதைத்தான் யாருமே செய்யறதில்ல. ஆஃபருக்கு முன்னாடி நாலு வாரம், ஆஃபர் நாள், அதுக்கு அப்புறம் நாலு வாரம், மூணுக்கும் எத்தனை பில், கையில நின்ன காசு எவ்ளோன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. செவ்வாய்க்கிழமையை செவ்வாய்க்கிழமையோடதான் ஒப்பிடணும், ஞாயிறோட ஒப்பிட்டா எல்லா ஆஃபரும் தோத்த மாதிரி தெரியும். பில் போடுறப்போ "முதல் தடவையா வர்றீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டு பில்லு ஓரத்துல ஒரு டிக் போடுங்க, அந்த டிக்குங்க எத்தனைன்னு எண்ணினாதான் புது ஆளு எத்தனைன்னு தெரியும். ஆஃபர் முடிஞ்ச அடுத்த ரெண்டு வாரம் வியாபாரம் வழக்கத்தை விட படுத்துச்சுன்னா புது ஆளு யாரும் வரல, அடுத்த வாரம் வர வேண்டியவங்க இந்த வாரமே வந்து மலிவா வாங்கிட்டு போயிருக்காங்க, அவ்ளோதான்.

நிறுத்துறதுதான் கஷ்டம்

ஜேசி பென்னின்னு அமெரிக்காவுல நூறு வருஷத்துக்கு மேல பழசான துணிக்கடை செயின், வருஷம் பூரா கூப்பன், வருஷம் பூரா சேல். 2012ல புதுசா வந்த தலைவர் இந்த கூப்பன் நாடகமே வேண்டாம், தினமும் ஒரே நியாயமான விலைன்னு மாத்தினார். கேக்க நியாயமாத்தான் இருக்கு. அந்த ஒரே வருஷத்துல விற்பனை சுமார் 25% விழுந்து 2013 ஏப்ரல்ல அவரை அனுப்பிட்டு கூப்பனை திரும்ப கொண்டு வந்தாங்க. கூப்பனுக்கு பழகின ஆளுங்க நியாயமான விலைக்கு வரல. அவங்க கிட்ட பணம் இருந்துச்சு, ஒரு வருஷ அடியை தாங்குனாங்க. நமக்கு மூணு மாச வாடகை தாங்காது.

சாப்பாட்டு கடையிலயே உதாரணம் வேணும்னா ரெட் லாப்ஸ்டர்ங்கற அமெரிக்க ரெஸ்டாரண்ட் செயின். எப்பவாவது கொஞ்ச நாளைக்குன்னு ஓட்டிட்டு இருந்த அளவில்லா சாப்பாட்டு ஆஃபரை 2023ல நிரந்தரமாக்குனாங்க, கூட்டம் வந்துச்சு, நினைச்சதை விட அதிகமாவே வந்துச்சு, கணக்குதான் வரல. 2024 மே மாசம் திவால் மனு போட்டாங்க. அந்த ஆஃபர் ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது, வாடகை குத்தகைன்னு வேற பெரிய ஓட்டைங்களும் இருந்துச்சு, ஆனா கொஞ்ச நாளைக்குன்னு இருக்கற வரைக்கும் ஓடினது நிரந்தரமானதும் உதைச்சிடுச்சு, அதை கவனிங்க.

நீங்க ஏற்கனவே மாசக்கணக்கா ஆஃபர் ஓட்டிட்டு இருந்தா ஒரே நாள்ல பட்டுன்னு எடுக்காதீங்க. வாரம் ஏழு நாள்னு இருக்கறதை மூணு நாளாக்குங்க, அப்புறம் அந்த காலி நேரத்துக்கு மட்டும், அப்புறம் ஸ்டாம்ப் கார்டு வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு மாசம் குடுங்க. கொஞ்ச பேர் போயிடுவாங்க, போகட்டும், அவங்க உங்க சாப்பாட்டுக்கு வரல, அந்த 80க்கு வந்தாங்க, நாளைக்கு எதிர் கடையில 75க்கு போட்டா அங்க போவாங்க. எதிர் கடைக்காரர் 75 போட்டார்னு நீங்க 70 போடுற சண்டையில கையில காசு அதிகமா வெச்சிருக்கறவர்தான் ஜெயிப்பார், அது நீங்களா அவரான்னு உங்களுக்கே தெரியும்.

தெரிஞ்சவங்க கேட்டா

இதுக்குத்தான் நிறைய பேர் பதில் கேக்குறாங்க. நண்பர், சொந்தக்காரர், பழைய ஆபீஸ் ஆளு, எல்லாரும் "நமக்கு என்ன ரேட்டு?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. உண்மையில கடை ஆரம்பிச்ச முதல் வருஷம் உங்க வியாபாரத்துல பாதி இவங்கதான், இவங்களுக்கெல்லாம் குறைச்சா முழு விலைக்கு வாங்க ஆளே மிச்சம் இருக்காது. ஒரு விதி வெச்சுக்கோங்க, ரேட்டு எல்லாருக்கும் ஒண்ணு, வீட்டு ஆளுங்களுக்கு காசே வாங்காம குடுக்குறதுன்னா முழுசா குடுங்க, நடுவுல குறைச்ச ரேட்டுன்னு ஒண்ணு கிடையாது. ஓசியா குடுத்ததை நோட்டுல தனியா எழுதுங்க, மாச கடைசில எவ்ளோன்னு தெரியணும்.

பதில் சொல்றப்போ நீளமா விளக்கம் குடுத்தா பேரம் ஆரம்பிச்சிடும். "ரேட்டு அதேதாண்ணே, ஆனா உங்களுக்கு இன்னைக்கு ஒண்ணு கூட வெச்சுத் தர்றேன்"னு சொல்லிட்டு பார்சலை கட்ட ஆரம்பிச்சிடுங்க. கல்லாவுல வேற ஆள் உக்காந்திருந்தா அவங்ககிட்ட தள்ளுபடி போடுற அதிகாரமே இருக்கக்கூடாது, "ஓனர் வந்தாதான் முடியும்க்கா"ன்னு அவங்க சொல்லட்டும், பில்லிங் மெஷின்ல அதுக்கு பாஸ்வேர்டு போடுற வசதி பெரும்பாலும் இருக்கும், போட்டு வெச்சுக்கோங்க.